கோஸ்பல் வீக்கெண்டுக்கு போலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு

கோஸ்பல் மியூசிக், அதாவது அமெரிக்க கறுப்பின சர்ச்சுகள்ல வளந்த கிறிஸ்தவப் பாட்டு, அதோட வீக்கெண்ட்னாலே நிறைய பேர் வெறும் கச்சேரின்னு நெனச்சுக்கிட்டு சனிக்கிழமை ராத்திரி ஷோவுக்கு மட்டும் டிக்கெட் போடுறாங்க, தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. முழு பாஸ் எடுத்து வெள்ளிக்கிழமை சாயங்காலமே எல்லாரும் சேந்து பாடுற பெரிய குழுவான மாஸ் கொயர் வொர்க்‌ஷாப்ல போய் நில்லுங்க, விஷயமே அங்கதான் இருக்கு.

கைல நோட்ஸ் பேப்பர்லாம் குடுக்க மாட்டாங்க. டைரக்டர் ஒரு வரி பாடுவார், சோப்ரானோ (பொண்ணுங்கள்ல மேல் குரல்) அத திருப்பி பாடணும், அடுத்து ஆல்டோ (பொண்ணுங்கள்ல கீழ்க் குரல்), அப்புறம் டெனர் (ஆம்பளைங்கள்ல மேல் குரல்), அவ்ளோதான், ஆம்பளைங்களோட அடிக்குரலான பேஸுக்குன்னு தனி பார்ட் கெடையாது, ஆம்பளைங்க முக்காவாசி பேர் டெனர்லதான் நிப்போம். எல்லாத்தையும் காதால கேட்டே புடிக்கணும்ங்கிறதால பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்கள ஒட்டித்தான் பாட முடியும், அங்கேயே கூச்சம் போயிடும். என் பக்கத்துல நின்ன அங்கிள் பல வருஷம் குவார்டெட்ல, அதாவது நாலஞ்சு பேர் சேந்த சின்ன குழுவுல, பாடினவராம், எங்க வரிசை மெலடி பக்கம் சாயுற மாதிரி இருந்தா கொஞ்சம் குனிஞ்சு நம்ம லைன என் காதுகிட்ட மெதுவா பாடுவார், ரெண்டாவது நாலாவது பீட்டுக்கு தோள்ல தட்டிக்கிட்டே. "தம்பி, வார்த்தைய விடு, அவர் கைய பாரு"ன்னார். கைய பாக்கும்போதுதான் புரிஞ்சுது, பாட்டு முடியப்போற எடத்துல ஒரே வரிய சுத்தி சுத்தி பாடுற வேம்ப் வருதுல்ல, அங்க டைரக்டர் விரல சுத்துனா இன்னொரு தடவ, கட்டவிரல மேல காட்டுனா அரை சுரம் ஏத்தணும், அப்படி ஒவ்வொரு தடவ ஏறும்போதும் மொத்த ஹாலும் மூச்ச இழுத்து ஏறுறது உடம்புலயே தெரியும், சிலர் கண்ண மூடி அழுதாங்க, நானும்தான்.

சர்ச்சுகள்ல வாசிக்கிற ஹேமண்ட் பி-3 ஆர்கன் பத்தி செஷன் ஒண்ணு இருந்துச்சு, அத மிஸ் பண்ணவே கூடாது. அந்த ஆர்கனோட சேத்து வெக்கிற லெஸ்லி ஸ்பீக்கரோட மரப்பெட்டிய தெறந்து காட்டினாங்க, மேல ஹார்ன் சுத்துது, ஸ்விட்ச தட்டுனதும் மெதுவா இருந்தது வேகமெடுக்குது, பிரசங்கம் சூடு புடிக்கும்போது ஆர்கன் சத்தம் நடுங்குமே, அது வர்றது இங்கேர்ந்துதான்.

இனி ராத்திரி அரட்டை. எந்த ஸ்கெட்யூல்லயும் இல்லாத நிகழ்ச்சி அது, ஆனா எனக்கு புடிச்சதே அதான். குவார்டெட் பெருசா கொயர் பெருசான்னு ஒரு சண்ட, ஒரு ஆன்ட்டி சோல் ஸ்டிரர்ஸ்ங்கிற கோஸ்பல் குவார்டெட்ட விட்டே குடுக்கல, பாடகர் சாம் குக் 1950ல அதுல லீட் பாட வந்தப்போ ரெக்கார்டிங் எப்படி மாறுச்சுன்னு பாடியே காட்டுனாங்க. இன்னொருத்தர் கோஸ்பல் பாட்டு எழுதின தாமஸ் டார்ஸி பத்தி பேசினார். ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்கு பியானோ வாசிச்ச மனுஷன், 1932ல பிரசவத்துல மனைவியும், உடனே கொழந்தையும் போயிட, அந்த துக்கத்துலதான் அவரோட ரொம்ப பேர் பெத்த பாட்டு பொறந்துச்சு. கதை எனக்கு ஏற்கனவே தெரியும், ஆனா மனைவிய இழந்த ஒருத்தர் அத சொல்லி முடிச்சப்போ யாரும் பேசல, பக்கத்துல இருந்த பொண்ணு சத்தமில்லாம அவர் கைய புடிச்சுக்கிட்டா, அப்புறம் யாரோ மெதுவா ஹம் பண்ண நாங்க எல்லாரும் பார்ட் பிரிச்சு சேந்துக்கிட்டோம். காலைல வரைக்கும் பேர் கூட தெரியாதவங்க.

குறையும் இருக்கு. மெயின் ஹால்ல டிரம்ஸ் ரொம்ப தூக்கலா வெச்சு ஆர்கனையும் ஆல்டோவையும் முழுங்கிட்டாங்க, பின்னாடி உக்காந்தா வார்த்தையே புரியல, சீக்கிரம் போய் நடுவுல எடம் புடிங்க. சனிக்கிழமை செஷன்கள நெருக்கி அடுக்கினதால தொண்டைக்கு ஓய்வே இல்ல, ஒரு மணி நேரம் இடைவெளி விட்டிருக்கலாம். சாமான் விக்கிற ஸ்டால் சுமார்.

ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் மேடையேறி பாடினது, சனிக்கிழமை வந்த பெரிய பேர்கள் பாடினத விட எனக்கு ஒசத்தி. வாட்ஸ்அப் குரூப் இன்னும் உயிரோட இருக்கு, அங்கிள் வாரா வாரம் ஒரு பழைய ரெக்கார்டிங் போடுறார், டெனர் லைன தனியா பாடியும் அனுப்புறார்.

போறவங்க ரெஜிஸ்டர் பண்ணும்போதே உங்க வாய்ஸ் பார்ட்ட சரியா போடுங்க, ஃப்ரெண்ட் கூட நிக்கணும்னு மாத்தி போடாதீங்க. போன்ல உங்க பார்ட்ட ரெக்கார்ட் பண்ணிக்க விடுறாங்க, வெள்ளிக்கிழமையே பண்ணி ராத்திரி ஒரு தடவ கேட்டுட்டு தூங்குங்க.