பாஸ் மீன்பிடி செட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்

பாஸ் மீன்பிடிக்கு "முழு செட்" என்று சொல்லி ராட் (தூண்டில் கழி), ரீல் (லைனைச் சுற்றும் கருவி), லைன் (தூண்டில் நூல்), லூர் (செயற்கை இரை), டங்ஸ்டன் எடை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அதில் நன்றாக ஏமாற்றப்பட்டேன். பெட்டி நேரத்துக்கு வந்தது, எதுவும் உடையவில்லை, எண்ணிக்கையும் குறையவில்லை. லேபிளில் இருந்ததற்கும் உள்ளே இருந்ததற்கும்தான் சம்பந்தமே இல்லை. விற்றவர் பெயரைப் போடப் போவதில்லை, தனிச் செய்தியில் கேட்கவும் வேண்டாம். இதே சரக்கை இதே படங்களோடு வேறு வேறு பெயர்களில் விற்கிறார்கள், ஒருவரைத் தவிர்த்தால் இன்னொருவரிடம் மாட்டுவீர்கள். அதனால் எது எது பொய், அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் சொல்வது நன்னீரில் இருக்கும் லார்ஜ்மவுத் பாஸுக்கான சாமான், கடல் மீனுக்குக் கணக்கு வேறு.

வாங்குவதற்கு முன்பே தெளிவாகக் கேட்டேன். 12 பவுண்டு இழுப்பைத் தாங்கும் லைன் முழுக்க ஃப்ளோரோகார்பனா, இல்லை நைலான் மேல் பூசியதா? "நூறு சதவீதம் ஒரிஜினல் சார்" என்று எழுத்திலேயே பதில் வந்தது. ராட் மீடியம் ஹெவி (ஓரளவு கனமான லூருக்கான விறைப்பு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன்தானே? ஆமாம். எடையெல்லாம் டங்ஸ்டன்தானே? ஆமாம். மூன்று ஆமாமும் பொய்.

முதலில் சந்தேகம் வந்தது லைன் மேல்தான். டெக்சாஸ் ரிக் (லைனில் தோட்டா வடிவ எடையும் முள்ளை மறைத்த மென்புழுவும்) போட்டு அடியில் மெதுவாக இழுக்கும்போது ஃப்ளோரோகார்பன் தானாக மூழ்கி ராட் நுனியிலிருந்து எடை வரை ஓரளவு நேராக இருக்க வேண்டும். அப்போதுதான் மீன் வாயில் எடுத்ததும் கைக்குத் தெரியும். இதுவோ தண்ணீரின் மேல்பரப்பிலேயே வளைந்து கிடந்தது, கடி எதுவும் கைக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீர் சோதனை செய்தேன். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, இதற்கு மேல் கரையாது என்னும் அளவுக்குச் சமையல் உப்பைப் போட்டுக் கலக்கித் தெளிய விடுங்கள். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அந்தக் கரைசலின் அடர்த்தி சுமார் 1.2. நைலானின் அடர்த்தி 1.14 சுற்றி, ஃப்ளோரோகார்பனுடையது 1.78. லைனைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, காற்றுக் குமிழி ஒட்டாமல் இருக்கப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி தடவி, உள்ளே அமுக்கி விடுங்கள். ஃப்ளோரோகார்பன் என்றால் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துவிடும். என்னுடைய "ஒரிஜினல்" ஒவ்வொரு துண்டாக மேலே ஏறி வந்து மிதந்தது. சாதாரணத் தண்ணீரில் இந்தச் சோதனை சரியாக வராது, அதில் நைலானும் மெதுவாக மூழ்கும். அப்புறம், தீக்குச்சியால் கொளுத்திப் பார், ஃப்ளோரோகார்பன் என்றால் எளிதில் பற்றாது என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உண்மையான ஃப்ளோரோகார்பன் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், அது நுரையீரலுக்குள் போக வேண்டிய சமாச்சாரம் இல்லை.

அடுத்தது தடிமன். லேபிளில் 0.28 மி.மீ. என்று இருந்தது. அளக்கக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பென்சிலில் இடைவெளி இல்லாமல், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் சுற்றிக்கொண்டு போங்கள், 10 மி.மீ. நீளத்துக்குள் எத்தனை சுற்று பிடிக்கிறது என்று எண்ணுங்கள். 0.28 என்றால் 35 சுற்றாவது வர வேண்டும். எனக்கு 28-ஐத் தாண்டவில்லை, அதாவது லைன் 0.36 மி.மீ. இது சும்மா எண் விளையாட்டு இல்லை. தடித்த லைனைத் தண்ணீரில் இழுக்கும்போது எதிர்ப்பு அதிகம், கிராங்க்பைட் (இழுக்கும்போது முன்னால் உள்ள உதட்டால் கீழே இறங்கும் கடின லூர்) அதன் ஆழத்துக்கு இறங்காது. லூர் சரியில்லை என்று அதை மாற்றிக்கொண்டே இருப்போம், குற்றவாளி லைனாக இருக்கும்.

ஏன் தடிமனைக் கூட்டுகிறார்கள் என்றால், மலிவு நைலானில் 12 பவுண்டு காட்ட வேண்டுமே! லைன் அறுந்ததைப் புகார் செய்தபோது உடனே ஒரு வீடியோ அனுப்பினார்கள். அதே லைனில் தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிக் காட்டுகிறார் ஒருவர். லைன் அறவில்லை. எப்படி அறும்? காய்ந்த லைன். நைலான் தண்ணீரை உறிஞ்சும், ஊறியபின் பலம் குறையும், மீன்பிடிப்பதோ தண்ணீரில். ஃப்ளோரோகார்பன் கிட்டத்தட்டத் தண்ணீரை உறிஞ்சாது, அதற்கும் சேர்த்துத்தானே கூடுதல் விலை கொடுக்கிறோம். வீடியோவுக்குப் பிறகு அவர்கள் எடுத்த அடுத்த ஆயுதம், "உங்கள் முடிச்சு சரியில்லை." இதை எல்லோரிடமும் சொல்வார்கள். முடிச்சே போடாமல் சோதிக்கலாம். லைனைச் சில மணி நேரம் ஊற வைத்து, ஒரு முனையை வழவழப்பான உருட்டுக் கட்டையில் பல சுற்று சுற்றி முனையை டேப் போட்டு ஒட்டி, மறுமுனையையும் அதே மாதிரி இன்னொரு கட்டையில் சுற்றி, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை அந்தக் கட்டையில் மாட்டி இழுங்கள் (கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அறுந்தால் முகத்துக்கு வரும்). என்னுடையது ஊறியபின் லேபிள் சொன்ன அளவைத் தொடவே இல்லை. இந்தச் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பியதும் முடிச்சுப் பேச்சு நின்றது.

கூடவே வந்த பிரெய்டு (பின்னிய லைன்) "8 இழை" என்று போட்டிருந்தது. முனையை ஊசியால் பிரித்தால் 4 இழை. 4 இழை கெட்டது இல்லை, செடிகொடி நிறைந்த இடத்தில் ஃபிராக் (தவளை வடிவ லூர்) வீச நானே அதைத்தான் எடுப்பேன், ஆனால் 8-க்குக் காசு வாங்கிக்கொண்டு 4 கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

டங்ஸ்டன் விவகாரம்தான் எனக்கு அதிகக் கோபம் தந்தது, ஏனென்றால் விலை வித்தியாசம் பெரியது இதில்தான். டங்ஸ்டன் வாங்குவதே அதே எடைக்கு அளவு சின்னதாக இருக்கும், கடினமாக இருப்பதால் அடியில் கல்லா சேறா என்று கைக்குத் தெளிவாகத் தெரியும் என்பதற்காக. எனக்கு வந்தது கறுப்புப் பெயின்ட் அடித்த ஈயம். கத்தி முனையால் ஒரு கீறல் போட்டதும் பெயின்ட் போய், உள்ளே மெத்தென்ற வெள்ளிச் சாம்பல் நிறம். டங்ஸ்டனில் அப்படிக் கத்தி இறங்காது. காந்தம் பலமாக ஒட்டினால் அது இரும்பு. இன்னும் உறுதி வேண்டுமென்றால், சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு கப் தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டு, எடையை நூலில் கட்டி அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கன செ.மீ. கணக்கில் அதன் கன அளவு. 14 கிராம் ஈயத்துக்குச் சுமார் 1.2 காட்டும், டங்ஸ்டனுக்கு 0.8 பக்கத்தில் நிற்கும். தசமம் காட்டும் தராசு வேண்டும், அவ்வளவுதான்.

ராடில் "5–50 கிராம்" என்று லூர் எடை அச்சிட்டிருந்தது. இதைப் பார்த்தாலே வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். ஒழுங்கான மீடியம் ஹெவி பாஸ் ராடில் பெரும்பாலும் 7–21 அல்லது 10–28 கிராம் மாதிரி ஒரு நியாயமான வீச்சு இருக்கும், 5 கிராமையும் 50 கிராமையும் ஒரே ராட் ஒழுங்காக வீசாது. ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்றால் வளைவு நுனிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் முடிந்து கீழே விறைப்பாக நிற்க வேண்டும். லைனை வளையங்கள் வழியாக விட்டு யாரையாவது மெதுவாக இழுக்கச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். என்னுடையது கைப்பிடி வரை வளைந்தது. ஜிக் (முள்ளின் தலையில் எடை வார்த்த லூர்) போட்டு மீனின் வாயில் முள்ளை ஏற்ற இது உதவாது, இழுக்கிற இழுப்பையெல்லாம் ராடே விழுங்கிவிடுகிறது. ட்ரெபிள் ஹூக் (மூன்று முனை முள்) உள்ள கிராங்க்பைட்டுக்கு இந்த மெதுவான வளைவு பொருந்தும் என்பது உண்மை, அதற்குத்தான் இப்போது பயன்படுத்துகிறேன், ஆனால் நான் கேட்டது அது இல்லை.

ரீல் பெட்டியில் பெரிய எழுத்தில் "டிராக் 15 கிலோ". டிராக் என்றால், மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் ரீல் லைனை விட்டுக்கொடுக்கும் என்ற அளவு. பாஸ் உலக சாதனையே 1932-இல் ஜார்ஜ் பெர்ரி ஜார்ஜியாவில் பிடித்ததும் 2009-இல் மனாபு குரிடா ஜப்பானின் பிவா ஏரியில் பிடித்ததும்தான், இரண்டுமே 10 கிலோவைக் கொஞ்சம் தாண்டியவை, இன்றும் சாதனைப் பட்டியலில் சமமாக நிற்கின்றன. 12 பவுண்டு லைனுக்கு டிராக்கை ஒன்றரைக் கிலோ சுற்றி வைப்போம். பிறகு 15 கிலோ யாருக்கு? அது சீராக, திக்கித் திக்கி விடாமல் லைனைக் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி, இது திக்கியது. கியர் 7.2:1 என்றார்கள். ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கும் உருளை) ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஸ்பூல் ஏழு சுற்றுக்கு மேல் வர வேண்டும், ஆறைக்கூடத் தாண்டவில்லை.

லூர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நகல் என்று பார்த்தாலே தெரியும். கிராங்க்பைட் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் லைன் கட்டும் வளையத்தை எதிர்ப்பக்கம் துளி வளைத்துச் சரி செய்யலாம், ஆனால் இவற்றில் உதடே கோணலாக ஒட்டியிருந்ததால் எதுவும் எடுபடவில்லை. முட்களைக் கைக் குறடால் லேசாகத் திருகினாலே விரிந்தன. மென்புழுக்களில் இரண்டு வகைப் பிளாஸ்டிக்கை ஒரே அறையில் கலந்து போட்டு அனுப்பியிருந்தார்கள். டி.பி.இ. (ரப்பர் மாதிரி இழுபடும் பிளாஸ்டிக்) ரகமும் வழக்கமான பிளாஸ்டிசால் (மெத்தென்ற பி.வி.சி.) ரகமும் ஒட்டிக் கிடந்தால் உருகிக் கூழாகும். ஆகியிருந்தது.

பணம் திரும்பக் கேட்டால், லைனை ரீலில் சுற்றிவிட்டீர்கள், இனி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். அதனால் ஸ்பூலின் வெளி முனையிலிருந்து ஒரு மீட்டர் மட்டும் வெட்டி உப்புத் தண்ணீர், பென்சில் இரண்டையும் முடித்துவிட்டு மீதியைத் தொடுங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள், லேபிள் படிக்கிற மாதிரி. விற்பனைப் பக்கத்தையும் அவர்கள் தந்த பதில்களையும் அன்றே படமெடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்திருந்ததால்தான் எடைகளுக்கும் லைனுக்கும் உரிய பணம் வந்தது. ராடுக்கும் ரீலுக்கும் அடுத்த முறை வாங்க ஒரு தள்ளுபடிக் கூப்பன் நீட்டினார்கள், வேண்டாம் என்றேன், அந்தப் புகார் இன்னும் தீரவில்லை. விற்பனைப் பக்கத்தில் இப்போது "100% ஃப்ளோரோகார்பன்" என்பதைச் சத்தமில்லாமல் "ஃப்ளோரோகார்பன் டைப்" என்று மாற்றிவிட்டார்கள். எடைக்கு "டங்ஸ்டன் கலர்" என்று வந்திருக்கிறது. படங்கள் அதேதான், விலையும் அதேதான்.