தீராத முதுகுவலி: வலியைக் கவனிப்பதா, மூளையின் பயத்தைப் போக்குவதா?

மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தும் விடாத முதுகுவலிக்கு மனம் வழியாக இரண்டு பயிற்சிகள் இருக்கின்றன.

ஒன்று, அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 8 வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி, அதாவது இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி. படுத்துக்கொண்டு இடது கால்விரலில் ஆரம்பித்து உச்சந்தலை வரை ஒவ்வொரு இடமாகக் கவனிக்க வேண்டும். வலிக்கிற இடம் வந்தால் மல்லுக்கட்டாமல், எரிகிறதா, இழுக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர வேண்டும். தினமும் முக்கால் மணி நேரம். சும்மா சொல்லக்கூடாது, சலிப்புத் தட்டும். வலியைப் போக்குவது இதன் நோக்கமல்ல, வலி இருந்தாலும் வேலை ஓட வேண்டும். 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் சுமார் 61 சதவீதம் பேருக்கு அன்றாட நடமாட்டம் தேறியது. வழக்கமான சிகிச்சையில் 44 சதவீதம்.

மற்றொன்று, பெயின் ரீப்ராசஸிங் தெரபி. உடலில் ஆபத்து இல்லாதபோதும் மூளை பொய் அலாரம் அடிக்கிறது என்பது இதன் கணக்கு. எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வலிக்குமோ அதிலேயே உட்கார வைத்து, 'இதில் ஆபத்தில்லை' என்ற தெளிவோடு வலியைக் கவனிக்கச் சொல்வார்கள். கொலராடோவில் 151 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 4 வாரத்தில் 66 சதவீதம் பேருக்கு வலி அறவே போனது, அல்லது கிட்டத்தட்ட போனது. மருந்தில்லாத போலி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 20 சதவீதம்தான்.

அதற்காக 66-ஐயும் 61-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது. அளந்த விஷயமே வேறு. மருத்துவர் பரிசோதித்து, வலிக்கு உடலில் காரணமில்லை என்றால் என் ஓட்டு இரண்டாவதற்கு. மூட்டுத் தேய்மானம், நரம்பு அழுத்தம் உறுதியானவர்களுக்கு முதலாவதே சரி.