"டெஸ்ட் செய்தது" ஸ்டிக்கரை நம்பி ஸ்டெப்பர் டிரைவ் பெட்டி வாங்காதீர்கள்

மூன்று ஸ்டெப்பர் டிரைவ் (படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டும் சர்க்யூட்), பவர் சப்ளை, எமர்ஜென்சி சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடக்கி, ஒயரிங்கும் முடித்து, "பிளக்கைச் சொருகினால் ஓடும்" என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அப்படி ஒன்றை என் ரவுட்டர் மெஷினுக்காக (மோட்டார்களால் நகர்ந்து பொருளைக் குடைந்து வெட்டும் மெஷின்) வாங்கினேன். இரண்டு டிரைவ் எரிந்துபோயின. பணம் திரும்பவில்லை. விற்றவர் பெயரைப் போடப்போவதில்லை; இன்று ஒரு பெயர், நாளை வேறு பெயர் என்று விற்பவர்களிடம் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

வெளியே பார்த்தால் குறை சொல்லவே முடியாது. பவுடர் கோட்டிங் அடித்த பெட்டி, முன்னால் சிவப்பு பட்டன், பின்னால் மோட்டார் ஒயர்களுக்கு வரிசையாக வட்ட உலோகக் கனெக்டர்கள். மூடியின் விளிம்பில் இரண்டு ஸ்டிக்கர். ஒன்று "டெஸ்ட் செய்தது". மற்றொன்று "சீல் கிழிந்தால் வாரண்டி இல்லை". இந்த இரண்டாவது ஸ்டிக்கர்தான் மொத்த வியாபாரத்தின் சூட்சுமம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. குறை அத்தனையும் உள்ளே. திறந்தால்தான் தெரியும், திறந்தால் வாரண்டி போச்சு.

வந்த அன்றே பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருந்தது. போன் செய்து கேட்டேன். "டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பெட்டின்னா அப்படித்தான் சார் இருக்கும். செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்க" என்றார். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. மல்டிமீட்டரை எடுத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு, பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெட்டியின் ஒரு ஸ்க்ரூ தலைக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பார்த்தேன். கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லை, தொடர்பே கிடையாது. படம் எடுத்து அனுப்பி, மாற்றித் தரச் சொன்னேன். "எங்க டெக்னீஷியன் பார்த்துச் சொல்வார்" என்று பதில் வந்தது. அந்த டெக்னீஷியன் கடைசி வரை பேசவில்லை.

அவர் பேசுவதற்குள் முதல் டிரைவ் போய்விட்டது. எக்ஸ் ஆக்சிஸ் (மெஷின் நகரும் மூன்று திசைகளில் ஒன்று) வேகமாகப் போய் நிற்கும் இடத்தில் பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் எரிந்த பேக்கலைட் நாற்றம். மறுபடி போன் செய்தால் பேச்சு மாறிவிட்டது: "நீங்க ஓவர்லோட் கொடுத்திருப்பீங்க." வேண்டுமானால் புது டிரைவ் விலைக்குத் தருவாராம். இனி வாரண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சீலைக் கிழித்தேன். கிழிப்பதையும் முழுதாக வீடியோ எடுத்துவைத்தேன். தகராறு வரும்போது அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

உள்ளே பார்த்ததில் பெரிய அநியாயத்தை முதலில் சொல்கிறேன். டிரைவ் மேல் "20 முதல் 50 வோல்ட் டிசி" என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. அதற்குச் சப்ளையாகப் போட்டிருந்தது 36 வோல்ட் ஏசி தரும் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் ஒரு டயோடு பிரிட்ஜ், ஒரு பெரிய கெப்பாசிட்டர். அவ்வளவுதான், வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் எதுவும் இல்லை. விற்றவரின் கணக்கு இது, போனில் அவரே பெருமையாகச் சொன்னது: "டிரைவ் 50 வோல்ட், நாம கொடுக்கிறது 36. பதினாலு வோல்ட் மார்ஜின் வச்சிருக்கோம் சார்!"

ஏசி 36 என்பது சராசரி போன்ற ஒரு மதிப்பு. பிரிட்ஜில் போய் கெப்பாசிட்டரில் சேரும்போது அலையின் உச்சம்தான் நிற்கும். 36-ஐ 1.414-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 51. டயோடுகளில் ஒன்றரை, இரண்டு வோல்ட் போனாலும் 49. இதுவும் டிரான்ஸ்ஃபார்மர் முழு லோடில் ஓடும்போதுதான். மோட்டார்கள் சும்மா நிற்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் தன் மேல் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும். லைன் வோல்டேஜ் ஏறினால் அதோடு சேர்ந்து இதுவும் ஏறும். நான் மோட்டார்களைக் கழற்றிவைத்து கெப்பாசிட்டர் முனையில் அளந்தபோது 55-ஐத் தாண்டியது. போதாக்குறைக்கு, வேகமாக ஓடும் மோட்டாரைச் சட்டென்று நிறுத்தும்போது அது ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைச் சப்ளைக்கே திருப்பி அனுப்பும். பிரிட்ஜ் அதை மெயினுக்குத் திரும்ப விடாது. கெப்பாசிட்டரில்தான் ஏறியாக வேண்டும். என் டிரைவ் நிற்கும் இடத்தில் வெடித்ததற்குக் காரணம் இதுதான். ஓவர்லோடும் இல்லை, ஒன்றும் இல்லை.

அந்த கெப்பாசிட்டரின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். பெட்டியின் அடியில் கேபிள் டையால் கட்டிவைத்திருந்த அதைத் திருப்பிப் பார்த்தால், நீல உறையில் "10,000 மைக்ரோ ஃபேரட், 50 வோல்ட்". தலைப்பக்கத் தகடு தட்டையாக இருக்க வேண்டியது, லேசாக உப்பியிருந்தது. விரலால் தடவினாலே தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் அதுவும் வெடித்திருக்கும். டிஸ்சார்ஜ் ஆவதற்கு ஒரு ரெசிஸ்டர்கூடக் குறுக்கே போடவில்லை. சுவிட்சை அணைத்து வெகுநேரம் கழித்தும் மீட்டரில் 40-க்கு மேல் நின்றது. இப்படிப்பட்ட பெட்டியைத் திறப்பவர்கள் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேட் செய்த கிளிப்பில் பிடித்து, ஒரு நிமிடம் குறுக்கே வைத்து, மீட்டரில் பார்த்த பிறகு கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் வித்தையெல்லாம் வேண்டாம்.

எர்த் ஒயர் எங்கே என்று தேடினேன். இன்லெட்டிலிருந்து பச்சை மஞ்சள் ஒயர் கிளம்பி வந்து, ஒரு சாண் தூரத்தில் வெட்டப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, டிரைவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. தெரியாமல் விட்டுப்போனது என்று சொல்ல வழியே இல்லை, டேப் சுற்ற ஆளுக்கு நேரம் இருந்திருக்கிறது! பெட்டியில் எர்த் போல்ட் இருக்கிறது. அதைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டவில்லை. அதாவது ஒயரை மாட்டியிருந்தாலும் சரியான தொடர்பு கிடைத்திருக்காது. பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, வளைய லக் அடித்து முடுக்கினால் ஐந்து நிமிட வேலை.

எமர்ஜென்சி பட்டன் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. அந்தச் சிவப்பு பட்டன் பவரை வெட்டவே இல்லை. இரண்டு மெல்லிய ஒயர் போட்டு டிரைவின் எனேபிள் முனையில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். இந்த வகை டிரைவ்களில் எனேபிளில் ஒன்றும் இணைக்காமல் விட்டால் டிரைவ் ஓடும் நிலையில்தான் இருக்கும். சிக்னல் கொடுத்தால்தான் நிற்கும். அப்படியானால் அந்த ஒயர் ஒன்று அறுந்தாலோ, கழன்றாலோ, பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். எமர்ஜென்சி சுவிட்ச் என்றால் அழுத்தாதபோது மூடியிருக்கும் கான்டாக்ட் இருக்க வேண்டும், அது ஒரு கான்டாக்டர் (பெரிய கரன்ட்டை வெட்டும் ரிலே) வழியாகச் சப்ளையை வெட்ட வேண்டும், ஒயர் அறுந்தாலே மெஷின் நிற்க வேண்டும். (பவர் போனால் மோட்டாரின் பிடியும் போய்விடும். வெட்டும் கருவியைச் சுழற்றும் கனமான ஸ்பிண்டில் தொங்கும் இசட் ஆக்சிஸ் கீழே இறங்கும், அதற்குத் தனியாக பிரேக் வேண்டும்.) வெட்டுவதை டிரைவுக்கு முன்னால் வெட்ட வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்கவே கூடாது.

இரண்டாவது டிரைவ் எரிந்ததும் அந்த நடுவே நடந்த கோளாறினால்தான். சப்ளையை மாற்றி, எர்த் போட்டு, புது டிரைவ் மாட்டி ஓட்டியபோது ஒய் ஆக்சிஸ் அவ்வப்போது கொர்ரென்று இழுத்தது, கொஞ்ச நேரத்தில் அதன் டிரைவும் செத்தது. பின்பக்க வட்டக் கனெக்டரைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு பின்களில் ஒன்றில் சால்டர் மங்கலாக, உருண்டையாக, பின்னோடு ஒட்டாமல் உட்கார்ந்திருந்தது. ஒயரை லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மோட்டார் காயிலில் கரன்ட் போய்க்கொண்டிருக்கும்போது ஒயர் கழன்றால், அந்தக் கரன்ட் சட்டென்று நிற்க மறுத்து வோல்டேஜாக எகிறும், டிரைவுக்குள் கரன்ட்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் தாங்காது. பவர் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதே என்று எல்லா டிரைவ் மேனுவலிலும் போட்டிருப்பது இதனால்தான். லூஸ் கான்டாக்ட் அதையே ஓயாமல் செய்துகொண்டிருந்தது. மற்ற பின்களையெல்லாம் நானே மறுபடி சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டேன்.

கரன்ட் செட்டிங்கிலும் இதே அலட்சியம். என் மோட்டாரின் பெயர்ப்பலகையில் 2 ஆம்பியர். ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி அனுப்பியிருந்தேன். கரன்ட்டைத் தேர்ந்தெடுக்கும் குட்டி டிப் சுவிட்சுகள் மூன்று டிரைவிலும் உச்சத்தில், 4.2 ஆம்பியர் பீக்கில் இருந்தன. அது ஆர்எம்எஸ் (சராசரி போன்ற மதிப்பு) கணக்கில் 3 ஆம்பியர். கரன்ட் ஒன்றரை மடங்கு என்றால் காயிலில் சூடு இரண்டே கால் மடங்கு. ஸ்டெப்பர் மோட்டார் கொஞ்சம் சுடும், 80 டிகிரி வரை போனாலும் பயப்பட வேண்டியதில்லை; ஆனால் சும்மா நிற்கும்போதே கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது. நின்றிருக்கும்போது கரன்ட்டைப் பாதியாக்கும் வசதியையும் யாரோ முடக்கி வைத்திருந்தார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மோட்டாரை நகர்த்தவும் திசை சொல்லவும் வரும் பல்ஸ், டைரக்ஷன் சிக்னல்களுக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைத்திருந்தார்கள். அந்த வேலை சுத்தம். அதே ஆள்தான் டேப்பையும் சுற்றினாரா என்று யோசித்தேன்.

இப்போது பெட்டி, வோல்டேஜ் மாறாமல் டிசி தரும் 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸில் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும் என்பவர்கள் 24 வோல்ட் ஏசிக்கு மேல் போகாதீர்கள். கெப்பாசிட்டரில் அதுவே 34 பக்கம் வந்துவிடும். கெப்பாசிட்டர் 63 வோல்டுக்குக் குறையக்கூடாது.

இப்படி ஒயரிங் முடித்த பெட்டியை வாங்கியே ஆக வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் மூன்று படம் கேளுங்கள். மூடி திறந்த நிலையில் உள்பக்கம் முழுதும் தெரிகிற படம். மோட்டார் இல்லாமல் டிரைவின் டிசி முனையில் மல்டிமீட்டர் வைத்து, எண் தெரிகிற படம். எர்த் பின்னுக்கும் பெட்டிக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் காட்டும் படம். ஒழுங்காக டெஸ்ட் செய்பவருக்கு இவற்றை அனுப்பப் பத்து நிமிடம் போதும். "கம்பெனி ரகசியம்", "சீல் போட்டாச்சு" என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

என்னிடம் விற்றவரின் விளம்பரம் இன்னும் ஓடுகிறது, படமும் அதே படம்தான். பெட்டி திறந்திருக்கும் கோணம் ஒன்று அதில் உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் இடது கீழ் மூலையில் எர்த் போல்ட் தெரியும், அதில் ஒயர் எதுவும் இருக்காது.