ஷரப்போவாவும் குஸ்னெட்சோவாவும்: ரஷ்ய டென்னிஸின் இரு பாதைகள்

2004ஆம் ஆண்டு விம்பிள்டனை மரியா ஷரப்போவாவும் அமெரிக்க ஓப்பனை ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவும் வென்றனர். ஆனால் அவர்கள் உருவான விதம் வேறு வேறு. சைபீரியாவின் நியாகானில் பிறந்த ஷரப்போவா, சிறு வயதிலேயே தந்தையுடன் அமெரிக்காவின் ஃபுளோரிடா சென்று பொலெட்டியெரி டென்னிஸ் அகாடமியில் வளர்ந்தார். லெனின்கிராட்டில் சைக்கிள் பந்தயக் குடும்பத்தில் பிறந்த குஸ்னெட்சோவா, பார்சிலோனாவின் களிமண் தளங்களில் பயின்றார்.

இருவரில் யார் மேல்? பட்டங்களை மட்டும் எண்ணினால் விடை எளிது: ஷரப்போவாவுக்கு ஒற்றையரில் ஐந்து கிராண்ட் ஸ்லாம், குஸ்னெட்சோவாவுக்கு இரண்டு. உலகத் தரவரிசையில் முதலிடத்தை எட்டியவரும் ஷரப்போவாதான். குஸ்னெட்சோவா இரண்டாம் இடம் வரையே உயர்ந்தார். 2008இல் தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பின் சர்வீஸ் தடுமாறியபோதும், தமக்கு ஒவ்வாததாகக் கருதப்பட்ட களிமண்ணில் 2012, 2014 பிரெஞ்சு ஓப்பன்களை ஷரப்போவா வென்றது அவருடைய மிகப் பெரிய சாதனை என்பேன். மெல்டோனியம் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து தொடர்பான 15 மாதத் தடை அந்தப் பெயரில் படிந்த கறை. அதை மறைத்து எழுத இயலாது.

குஸ்னெட்சோவாவின் ஆட்டமோ பன்முகமானது. பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் கனத்த டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்டுடன், பின்சுழற்சியோடு வெட்டியடிக்கும் ஸ்லைஸையும் வலையருகு ஆட்டத்தையும் கலந்து ஆடிய அவர், ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையரை இருமுறை வென்றார். நாடுகளின் மகளிர் அணிகள் மோதும் ஃபெட் கோப்பையில் ரஷ்யாவின் வெற்றிகளிலும் பங்காற்றினார். 2011 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலி வீராங்கனை ஸ்கியவோனேயிடம் 4 மணி 44 நிமிடம் போராடி, கடைசி செட்டை 14-16 என இழந்தார். வெற்றிப் பசியில் ஷரப்போவாவே மேலானவர்; ஆட்ட நுட்பத்தைக் கற்க விரும்பும் இளம் வீராங்கனைக்கோ குஸ்னெட்சோவாவின் ஆட்டங்களையே முதலில் பரிந்துரைப்பேன்.