யார் சொன்னது என்று கேட்காதீர்கள்: புளூடார்க்கின் 'மொராலியா' மூன்றாம் தொகுதி

ரோமப் பேரரசுக் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க்கின் பலவகை நூல்களைச் சேர்த்த தொகுப்புதான் 'மொராலியா'. கிரேக்க, லத்தீன் பழநூல்களை மூலத்தோடு ஆங்கிலத்திலும் தரும் லோப் கிளாசிக்கல் லைப்ரரி வரிசையில் வந்த அதன் மூன்றாம் தொகுதி இது, ஃபிராங்க் கோல் பாபிட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1931-இல் வெளிவந்தது. கைக்கு அடக்கமான பச்சை அட்டை, இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம். எனக்குக் கிரேக்கம் தெரியாது, ஆகவே பாதிப் புத்தகம் பார்க்க மட்டும்தான். சரி, மீதிப் பாதியைப் பற்றிச் சொல்கிறேன்.

மன்னர்களும் தளபதிகளும் வெடுக்கென்று சொன்ன பதில்கள், ரோமானியர்கள் சொன்னவை, பழைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாக்காரர்கள் சொன்னவை, ஸ்பார்ட்டாப் பெண்கள் சொன்னவை என்று பக்கம் பக்கமாக வருகின்றன. பெண்களின் வீரம் பற்றிய கடைசிப் பகுதி மட்டும் வேறு ரகம், முழுக் கதைகளாகவே இருக்கிறது. ஒரே மூச்சில் படித்தால் நிச்சயம் திகட்டும். அதிலும் ஸ்பார்ட்டாப் பகுதியில் ஆட்களைக் கிரேக்க அகர வரிசையில் அடுக்கியிருப்பதால் கால வரிசை என்ற பேச்சே இல்லை, கி.மு. 480-இல் செத்த ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸை முடித்த பிறகுதான் அந்த நாட்டுக்கே சட்டம் வகுத்தவராகச் சொல்லப்படும் லைகர்கஸ் வருகிறார். புளூடார்க் தன் மற்ற நூல்களை எழுதுவதற்காகச் சேர்த்துவைத்த குறிப்புகள்தாம் இவை என்று சில அறிஞர்கள் சொல்வதை, இந்தப் பகுதியைப் புரட்டும்போது நம்பத் தோன்றுகிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்னத் துணுக்கு. மாசிடோனிய மன்னன் அர்க்கெலாஸிடம் வாயாடி நாவிதர் ஒருவர் "எப்படி வெட்டட்டும்?" என்று கேட்கிறார், மன்னன் "பேசாமல் வெட்டு" என்கிறான். இதே துணுக்கு 'ஃபிலோகெலோஸ்' என்ற பழைய கிரேக்க ஜோக்குத் தொகுப்பிலும் உண்டு, ஆனால் அங்கே மன்னன் இல்லை, யாரோ ஒரு குறும்புக்காரர். பெயரை எடுத்துவிட்டால் ஜோக், ஒட்டிவிட்டால் வரலாறு! புத்தகம் முழுக்க இந்த வேலைதான் நடக்கிறது என்பது அப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணில் படத் தொடங்குகிறது.

பாரசீகப் படையை எதிர்த்து லியோனிடாஸ் போரிட்டுச் செத்த தெர்மோபைலேயை எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகர்களின் அம்புகள் சூரியனையே மறைத்துவிடும் என்று யாரோ பயமுறுத்த, "நல்லதாகப் போயிற்று, நிழலில் நின்று சண்டை போடலாம்" என்ற பதில் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். புளூடார்க் இதை லியோனிடாஸ் வாயில் வைக்கிறார். அவருக்கு ஐந்நூறு ஆண்டுக்கு மேல் முந்திய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸோ, சொன்னது டியெனிகிஸ் என்ற ஸ்பார்ட்டா வீரன் என்று பெயரோடு எழுதியிருக்கிறார், சண்டை நடந்து சில பத்தாண்டுகளுக்குள் எழுதியவர் அவர். பாவம் டியெனிகிஸ், போரிலும் செத்தான், சொன்ன ஒரு நல்ல வாக்கியமும் மன்னன் கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஆயுதங்களைக் கொடுத்துவிடு என்று பாரசீக மன்னன் செர்க்ஸிஸ் எழுத, லியோனிடாஸ் "வந்து எடுத்துக்கொள்" என்று பதில் எழுதியதாக இதே பகுதியில் இருப்பது ஹெரோடோட்டஸில் இல்லவே இல்லை.

மாதுளைக் கதையும் அப்படித்தான். பழத்தை உடைக்கும் பாரசீக மன்னன் டரையஸிடம், இதிலுள்ள விதைகள் அளவுக்கு உனக்கு எது வேண்டும் என்று கேட்கிறார்கள். ஹெரோடோட்டஸில் அவன் சொல்லும் பெயர் தளபதி மெகபாஸஸ், இங்கே ஸோபைரஸ். பாபிலோனைப் பிடிக்கத் தன் மூக்கையும் காதையும் தானே அறுத்துக்கொண்டவன் ஸோபைரஸ், அப்படிப்பட்ட விசுவாசியின் பெயர் இருந்தால் கதை எடுபடும் அல்லவா. நல்ல பாட்டு எது கிடைத்தாலும் ஔவையார் தலையில் கட்டி, அதியமான் காலத்து ஔவையையும் கம்பர் காலத்து ஔவையையும் ஒரே பாட்டியாக்கிவிட்ட நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் வரலாறு எழுத இது உதவாதா? உதவும், ஆனால் வேறு கேள்விக்கு. லியோனிடாஸ் என்ன சொன்னான் என்று இதிலிருந்து நிரூபிக்க முடியாது. ஸ்பார்ட்டா அரசியல் பலம் இழந்து ரோமாபுரிக்குக் கீழே கிடந்த காலத்திலும், ஸ்பார்ட்டாக்காரன் என்றால் இப்படித்தான் பேசியிருக்க வேண்டும் என்று படித்தவர்கள் விரும்பினார்கள், அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. புளூடார்க்கும் தன் ஆசையை ஒளிக்கவில்லை. பெரிய போர்களைவிட ஒரு சின்னச் சொல்லோ கேலியோ ஒருவனின் குணத்தைக் காட்டிவிடும் என்று அலெக்ஸாந்தர் வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுதியவர் அவர். இங்கே ரோமானியப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய முன்னுரையில், உங்களுக்கு நேரம் இருக்காது, அதனால் வாழ்க்கைகளின் மாதிரிகளையும் விதைகளையும் மட்டும் தருகிறேன் என்கிற பொருளில் சொல்கிறார் (முன்னுரை அவருடையதுதானா என்று சந்தேகிப்பவர்களும் உண்டு). குணத்தைக் காட்டத்தான் சொல் என்றால், குணத்துக்குப் பொருந்தாத சொல் உதிர்ந்துவிடும், பொருந்துகிற சொல் அடுத்தவனிடமிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பார்ட்டாப் பெண்கள் பகுதியில் இன்னொரு வேடிக்கை. முதலில் சில பெயர்கள் வருகின்றன, மீதி எல்லாம் 'ஒரு பெண்', 'இன்னொருத்தி'. மகனிடம் கேடயத்தைக் கொடுத்து, இதோடு வா, இல்லையென்றால் இதன்மேல் வா என்று சொன்ன தாய்க்கும் பெயர் இல்லை. புறநானூற்றுத் தாய்களை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை.

பாபிட்டின் அடிக்குறிப்புகள்தாம் இந்தப் பதிப்பின் உயிர். அந்தத் துணுக்கு வேறு எங்கெல்லாம் வருகிறது என்று எண் போட்டுக் காட்டுகிறார், அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே சொல் நாலு வாய்களில் உட்கார்ந்திருப்பது தெரியும். ஆங்கிலம் கொஞ்சம் பழைய வாடை, முன்னுரைகளும் சுருக்கம், ஏன் இப்படிப் பெயர் மாறுகிறது என்று உட்கார்ந்து விளக்குவதெல்லாம் கிடையாது. மேடைக்கு மேற்கோள் தேடுபவர்கள் இதை வாங்க வேண்டாம், அவர்களுக்கு இணையமே போதும். ஹெரோடோட்டஸை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.