ஸ்டீல் டிசைன் பயிற்சி என்று சொல்லி வாங்கிக்கொண்ட ₹42,500: சேரும் எண்ணம் உள்ளவர்கள் கவனிக்கவும்

பணம் திரும்பக் கிடைக்காது என்று நேற்று மாலை கைவிரித்துவிட்டார்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். மென்பொருள் பயிற்சியையும் வேலைவாய்ப்பு உறுதியையும் ஒரே விளம்பரத்தில் சேர்த்து விற்கும் தனியார் பயிற்சி நிலையம் அது. நுகர்வோர் புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. இத்தகைய இடங்களில் சிக்காமல் இருப்பது எப்படி என்பதையும் இறுதியில் சொல்கிறேன்.

நான் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் சைட் இன்ஜினியர். கான்கிரீட் வேலையிலிருந்து தொழிற்சாலை ஷெட்களை வடிவமைக்கும் அலுவலகத்துக்கு மாற நினைத்தேன். கல்லூரியில் எஃகுக் கட்டமைப்பு ஒரு தாளாக இருந்தது உண்மைதான். ஆனால் தனி ஆங்கிளுக்கும் (L வடிவ எஃகுக் கம்பி) தனி பீமுக்கும் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு, ஒரு முழு ஷெட்டைக் காற்றுச் சுமையில் தொடங்கி பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு) வரை கொண்டுபோய் முடிக்கத் தெரிந்துவிடாது. அந்த இடைவெளியை நிரப்புவதாகச் சொல்லித்தான் ₹42,500 கேட்டார்கள்.

மாதிரி வகுப்பில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கணினியைத் திறக்காமலேயே, வெள்ளைப் பலகையில் ஒரு கூரை ட்ரஸை (முக்கோணங்களாக இணைத்த கம்பிச் சட்டத்தை) வரைந்தார். தன்சுமையில் கீழ்க் கம்பி இழுவையில் இருக்கிறது, சரி, காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சினால் அதே கம்பி என்ன ஆகும் என்று கேட்டு, எல்லோரும் விழித்துக்கொண்டிருக்கையில், அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக அழித்துத் திருப்பிப் போட்டார். தகரக் கூரை இலேசானது என்பதால் தூக்கும் விசையே பல நேரங்களில் வடிவமைப்பைத் தீர்மானிக்கும். அந்தச் சரிபார்ப்பில் தன்சுமை உதவி செய்கிறது என்பதால் அதை 0.9 மடங்காகக் குறைத்து, காற்றை 1.5 மடங்காகப் பெருக்க வேண்டும். காற்றினால் மட்டும் அழுத்தத்துக்கு மாறக்கூடிய ட்ரஸின் இழுவை உறுப்புக்கு ஸ்லெண்டர்னஸ் ரேஷியோ (நீளத்தோடு ஒப்பிட்டால் உறுப்பு எவ்வளவு மெலிது என்ற விகிதம்) வரம்பு 350, எப்போதும் சுமையால் அழுத்தப்படும் உறுப்புக்கோ 180 என்று அவர் கோவையாகச் சொல்லிக்கொண்டே போனபோது, நான்கு ஆண்டுப் படிப்பில் புரியாத ஒன்று ஒரு மணி நேரத்தில் புரிந்தது. முழுப் பயிற்சியையும் இவரே நடத்துவார் என்று ஆலோசகர் உறுதியளித்தார். அன்றைக்கே மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார். கட்டிவிட்டேன்.

அந்த ஆசிரியரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. பதிவு செய்யப்பட்ட காணொளிகள் வந்தன, மேற்பார்வைக்கு அண்மையில் படிப்பு முடித்த ஓர் இளைஞர் வந்தார். பயிற்சியின் சாரம் இவ்வளவுதான்: மாடலை வரை, ரன் கொடு, தாங்காது என்று சிவப்பு காட்டினால் பெரிய செக்‌ஷனைப் போடு, பச்சையானால் அடுத்ததுக்குப் போ. ஏன் சிவப்பு என்று கேட்டால் பதில் இல்லை. கொடுத்த குறிப்புகளோ அதைவிட மோசம். 1984ஆம் ஆண்டின் ஐஎஸ் 800 (எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதிநூல்), 250 மெகாபாஸ்கல் வலிமையுள்ள எஃகுக்கு வளைவில் 165 மெகாபாஸ்கல் தகைவு (பரப்பளவின் மீது விழும் விசை) வரை அனுமதித்தது. அங்கே சுமையைப் பெருக்குவதில்லை. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு லிமிட் ஸ்டேட் (தாங்கும் எல்லையை வைத்துக் கணக்கிடும்) முறைக்கு வந்து, சுமையை 1.5 மடங்காகப் பெருக்கி, எஃகின் வலிமையை 1.10 ஆல் வகுத்து ஏறத்தாழ 227 என்று எடுக்கச் சொல்கிறது. இவர்களின் குறிப்பில் பெருக்காத சுமையால் வரும் தகைவை 227உடன் ஒப்பிட்டு 'பாதுகாப்பானது' என்று முடித்திருந்தார்கள். சுமைப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒன்றரை மடங்குப் பாதுகாப்பு அப்படியே காணாமல் போயிருந்தது! சுட்டிக்காட்டியபோது, "மேடம், அதையெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்" என்றார் அந்த இளைஞர். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

இணைப்புகளைப் பற்றி வகுப்பே நடக்கவில்லை. எஃகு வேலையில் போல்ட்டும் வெல்டும் தெரியாமல் டிசைன் என்று எதைச் சொல்வது? 20 மி.மீ. போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை போட வேண்டும், நிகரப் பரப்பை (துளை போக மிஞ்சும் எஃகுப் பரப்பை) கணக்கிடும்போது அந்தத் துளையின் அளவைத்தான் கழிக்க வேண்டும். குறிப்பில் 20ஐக் கழித்திருந்தார்கள். பட்டறையில் போடும் வெல்டுக்கு 1.25, தளத்தில் போடுவதற்கு 1.5 என்று பாதுகாப்புக் காரணி வேறுபடுவதை அந்தக் குறிப்பில் எங்கும் காணவில்லை.

₹42,500ஐத் திருப்பிக் கேட்டதும் அலைக்கழிப்பு தொடங்கியது. கிளையில் கேட்டால் தலைமை அலுவலகம் என்றார்கள், தலைமை அலுவலகத்தில் கேட்டால் கிளைதான் முடிவெடுக்கும் என்றார்கள். உறுதியளித்த ஆலோசகர் வேலையை விட்டுவிட்டாராம். வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். அன்றிரவே நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். அடுத்த பேட்ச்சில் உட்காருங்கள் என்றார்கள், அதே காணொளிகள்தானே என்றேன், இன்னொரு ₹9,000 கட்டினால் வேறொரு மென்பொருளும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். இந்தத் துணிச்சலை என்னவென்பது! கடைசியில் மேலாளர் ரசீதை எடுத்துக் காட்டினார். ₹42,500 முழுவதும் 'பதிவுக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று கீழே பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. பயிற்சிக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூட அதில் இல்லை. வேலைவாய்ப்பு உறுதி குறித்துக் கேட்டதற்கு, 'உதவி' என்றுதான் சொன்னோம் என்றார்.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். மாதிரி வகுப்பு எடுப்பவரே பாடம் நடத்துவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கட்டாதீர்கள். ரசீதில் எந்தத் தலைப்பில் பணம் வரவு வைக்கப்படுகிறது என்று பாருங்கள். பாடக்குறிப்பில் ஒரு இணைப்புக் கணக்கையாவது முன்பே காட்டச் சொல்லுங்கள். ஐஐடிப் பேராசிரியர்களின் எஃகுக் கட்டமைப்பு வகுப்புகள் என்பிடெல் என்ற இணையக் கல்வித் தளத்தில் இலவசம், ஐஐடி பம்பாயில் உருவான ஆஸ்டாக் மென்பொருளும் இலவசம், அது ஐஎஸ் 800:2007இன்படியே இணைப்புகளைச் சரிபார்க்கும். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

என் பேட்ச்சில் இருந்த யாராவது இதைப் படித்தால், அந்த 227 கணக்கு உள்ள பக்கத்தையும் ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனியே எழுதுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எல்லோரும் சேர்ந்து வழக்குப் போடலாம்.