பழைய ஓட்டுப்பட்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்

2010 வாக்கில் வலைப்பதிவு எழுதியவர்கள் இதைப் படித்ததும் உங்கள் டெம்ப்ளேட்டை, அதாவது பதிவின் வடிவமைப்பு நிரலை, ஒருமுறை திறந்து பாருங்கள். வாசகர்கள் ஓட்டுப் போடுவதற்காக அன்றைக்கு இடுகையோடு ஒட்டிவைத்த ஓட்டுப்பட்டை இன்னும் அதில் இருக்கலாம். எழுதுவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தாலும் சரி.

போன மாதம் கும்பகோணத்திலிருந்து ஒரு டீச்சரம்மா போன் செய்தார். ஓய்வு பெற்றவர், என் சமையல் குறிப்புகளை ஆரம்பத்திலிருந்தே படிப்பவர். "ஏம்மா, சுண்டைக்காய் வத்தக்குழம்பு பாக்கலாம்னு உன் பக்கத்தைத் திறந்தேன். போன்ல வைரஸ் இருக்கு, இதை அமுக்குன்னு வந்துச்சு. நீ போட்டதுதானேன்னு அமுக்கிட்டேன்" என்றார். ஏதோ ஒரு ஆப் இறங்கியிருக்கிறது, மறுநாள் வங்கிக் கணக்கிலிருந்து 8,400 ரூபாய் போய்விட்டது. நீ போட்டதுதானே என்று அவர் சொன்னது இன்னும் மனதை அறுக்கிறது.

என் லேப்டாப்பில் திறந்தால் எந்தக் கோளாறும் இல்லை. போனில், அதுவும் கூகுளில் தேடி வந்தால் மட்டும், முதல் தடவை மட்டும் வேறு தளத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அடுத்த தடவை ஒழுங்காகத் திறக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லை. அண்ணன் மகன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில் அகப்பட்டது, 2011-இல் என் கையால் நானே ஒட்டிய ஒரு திரட்டியின் ஓட்டுப்பட்டை.

திரட்டி என்றால் பல பதிவர்களின் இடுகைகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் தளம். அந்தக் காலத்தில் திரட்டி இல்லாமல் பதிவர் இல்லை. 2004-இல் தமிழ்மணம் வந்தது, அப்புறம் தேன்கூடு, தமிழ்வெளி, தமிழிஷ் என்று வரிசையாக வந்தன, தமிழிஷ்தான் பிறகு இன்ட்லி ஆனது. இடுகை போட்ட கையோடு இவற்றில் இணைத்தால்தான் ஆள் வரும். பின்னூட்டத்தில் "அருமை, த.ம. 4" என்று எழுதிவிட்டுப் போவார்கள், தமிழ்மணத்தில் நாலாவது ஓட்டு என்னுடையது என்று அர்த்தம். நமக்குப் போட்டவருக்கு நாம் திரும்பப் போடாவிட்டால் மனஸ்தாபம்தான். 2012-இல் பிளாக்கர், அதாவது நாங்கள் எழுதிய கூகுளின் வலைப்பதிவுத் தளம், நம் முகவரிகளை டாட் காமிலிருந்து டாட் இன்னுக்கு மாற்றிவிட, புது முகவரியில் ஓட்டு விழவில்லையே என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து நிரல் ஒட்டியவர்களில் நானும் ஒருத்தி.

என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது மேலே சொன்ன எதுவும் இல்லை. பின்னால் வந்த சின்னத் திரட்டி ஒன்று, பெயர் வேண்டாம். மற்ற இடங்களில் சினிமாவும் அரசியலும் வந்து சமையல் குறிப்பைப் பத்து நிமிடத்தில் கீழே தள்ளிவிடும், இவர்களோ சமையலுக்கும் கோலத்துக்கும் தனிப் பகுதி வைத்தார்கள். அதற்காகவே அவர்கள் பக்கம் நின்றேன். "மற்ற பட்டைகளை எடுத்துவிட்டால் வாரம் ஒருமுறை உங்களை முகப்பில் வைக்கிறோம்" என்று மெயில் வந்தது, எடுத்தேன். இது சரியில்லை என்று சொன்ன தோழியோடு பேச்சையே நிறுத்தினேன், அந்த வருத்தம் இன்றும் உண்டு. சர்வர் செலவுக்கு உதவுங்கள் என்றார்கள், 2,000 ரூபாய் அனுப்பினேன். எட்டே மாதம், ஒரு நாள் காலையில் தளம் திறக்கவில்லை. மெயிலுக்குப் பதிலும் இல்லை. மூடியதைக்கூட மன்னிப்பேன். மூடப்போகிறோம், பட்டையை எடுத்துவிடுங்கள் என்று ஒரு வரி எழுதவில்லையே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் பட்டை என்பது வெறும் படம் இல்லை. ஒவ்வொரு முறை யாராவது நம் பக்கத்தைத் திறக்கும்போதும் திரட்டியின் தளத்திலிருந்து வந்து ஓடும் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல். நம் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் மாற்ற, வாசகரை எங்கே வேண்டுமானாலும் அனுப்ப அதற்கு முடியும். தளத்தின் பெயரைக் காசு கட்டிப் புதுப்பிக்காமல் விட்டால் யாரும் வாங்கிக்கொள்ளலாம், வாங்கியவர் பழைய முகவரியிலேயே தன் ஸ்கிரிப்டை வைத்தால் போதும், பட்டையை எடுக்காத எல்லாப் பதிவிலும் அது ஓடும். இப்போது இதைச் செய்பவர் அந்தத் திரட்டிக்காரராக இல்லாமலும் இருக்கலாம். பெயரைச் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிளாக்கரில் தீம் பகுதிக்குப் போய் முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹெச்.டி.எம்.எல். திருத்தும் இடத்தில் 'ஸ்கிரிப்ட்' என்பதை ஆங்கிலத்தில் தேடுங்கள். ஓட்டுப்பட்டை பெரும்பாலும் இடுகை வரும் இடத்தைக் குறிக்கும் 'டேட்டா போஸ்ட் பாடி' (data:post.body) என்ற வரியை ஒட்டி இருக்கும், அங்கேதானே ஒட்டச் சொன்னார்கள். லேஅவுட்டில் இருக்கும் வருகைக் கணக்கு, கடிகாரம், பனி கொட்டும் அலங்காரம் எல்லாமே இதே வகைதான். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத எதையும் வைத்திருக்காதீர்கள். பார்க்கும்போது அடுத்தவர் போனையும் வாங்கிப் பாருங்கள்.

இப்படிப் பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்திவைக்க வழி உண்டு. டீச்சரம்மா மகனுக்குப் பயந்து நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை. நான் தருகிறேன் என்றால் வாங்க மாட்டேன் என்கிறார்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். நம்மோடு எழுதியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் பதிவுகள் அப்படியே நிற்கின்றன, பட்டைகளும் அப்படியே நிற்கின்றன. அவர்கள் குடும்பத்தில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எப்படி எடுப்பது என்று தெரியவில்லை என்றால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள், கூட இருந்து எடுத்துத் தருகிறேன்.